யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது

ஒரு குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்தது தெரியவரும்போது நம் ஊர்களில் பெரும்பாலும் இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. சொல்லியே ஆகவேண்டிய காவல் நிலையத்துக்குத் தகவல் போவதில்லை. சொல்லவே கூடாத தெருவுக்கெல்லாம் அது போய்விடுகிறது. நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு கூடிப் பேசுகிறார்கள். அன்று சாயங்காலமே டீக்கடையில் அந்தப் பிள்ளை எந்தத் தெரு, அப்பா எந்த மில்லில் வேலை பார்க்கிறார் என்பதுவரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

சட்டம் கேட்பது இதற்கு நேர் எதிரான நடத்தையை. குழந்தையைக் காக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்குத் தகவல் உடனே, தயங்காமல் போக வேண்டும். மற்றவர்கள் யாருக்கும் துளிகூடப் போகக் கூடாது. இரண்டுமே கட்டாயம். எதை மீறினாலும் தண்டனை உண்டு. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஆசிரியராக, மருத்துவராக, செவிலியராக, விடுதிக் காப்பாளராக, டியூஷன் எடுப்பவராக, அல்லது வெறுமனே பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும் ஒருவர் இந்த இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

நம் மாவட்டத்துக்கு விருதுநகர் தலைநகரமாக இருந்தாலும் மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ சிறப்பு நீதிமன்றமும் அங்கேதான். செய்தித்தாளில் "ஸ்ரீவில்லிபுத்தூர் போக்சோ நீதிமன்றம் தீர்ப்பு" என்று அடிக்கடி படிக்கிறோம். ஆனால் அந்தத் தீர்ப்புவரை ஒரு வழக்கு போய்ச் சேர்வது, முதலில் விஷயம் தெரிந்த ஒரு பெரியவர் அடுத்த சில மணி நேரத்தில் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தது.

சொல்லியே ஆகவேண்டிய கடமை

போக்சோ சட்டம் 2012இல் இயற்றப்பட்டு அதே ஆண்டு நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பாத எவரும் இதில் குழந்தைதான். பெண் பிள்ளைக்குப் போலவே ஆண் பிள்ளைக்கும் இது பொருந்தும். பையன்களுக்கு நடக்கும் கொடுமையைச் சிரித்துக் கடந்துவிடும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இச்சட்டத்தின் 19ஆம் பிரிவுதான் இங்கே முக்கியம். குற்றம் நடந்தது தெரிந்தாலும் சரி, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் சரி, எந்த ஒரு நபரும் அதைச் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். "எந்த ஒரு நபரும்" என்பதில் மருத்துவர், மனநல ஆலோசகர், சமூக சேவகர் எல்லோரும் அடக்கம். தன்னிடம் நம்பிச் சொன்னது, தொழில் ரகசியம் என்பதெல்லாம் இங்கே விலக்காகாது. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளும், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. ஆனால் அவையே பிறருக்கு ஆபத்து இருக்கும் நிலைக்கு விலக்கும் வைத்திருக்கின்றன. படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கும் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சட்டம் விதித்த கடமைக்காக அரசுக்குத் தகவல் தருவதைத் தடுக்கவில்லை. ஆகவே "ரகசியக் காப்பு விதி இருக்கிறது, அதனால் சொல்லவில்லை" என்பது பதிலாகாது.

தெரிந்தும் சொல்லாதவருக்கு 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டுவரை சிறையும் அபராதமும். இது ஏட்டில் மட்டும் இருக்கும் பிரிவு இல்லை. 2021 நவம்பரில் கோவையில் ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொண்ட வழக்கில் ஆசிரியரோடு, புகார் தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று பள்ளி முதல்வரும் கைதானார். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் நடந்த தனியார் பள்ளியிலும் முதல்வர், தாளாளர்வரை கைது நடந்தது. அந்த மாணவிகள் முதலில் சொன்ன அன்றே யாராவது காவல் நிலையத்துக்கு ஒரு போன் செய்திருந்தால் என்ற எண்ணம் இந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழாமல் இருப்பதில்லை.

"தெரிந்திருந்தால்" என்றால் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழும். உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் எல்லை புரியும். கேரள மருத்துவர்கள் தொடர்பான 2018ஆம் ஆண்டு வழக்கில், தனக்குத் தெரியாததைத் துப்பறிந்து கண்டுபிடிக்கும் கடமை மருத்துவருக்கு இல்லை என்றது நீதிமன்றம். மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் பள்ளி விடுதிச் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமை தெரிந்தும் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு ஆளான மருத்துவர் வழக்கில், 2022 நவம்பரில் அதே நீதிமன்றம், தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்று சொல்லி, அவர் மீதான வழக்கை ரத்து செய்திருந்த உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்தது. நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை, தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் கூடாது என்பதுதான் இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு.

பொய்ப்புகார் ஆகிவிடுமோ என்ற பயம் பலருக்கு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது என்று 19ஆம் பிரிவே சொல்கிறது. அவமானப்படுத்தவோ, பணம் பறிக்கவோ, மிரட்டவோ வேண்டுமென்றே பொய் சொன்னவருக்குத்தான் 22ஆம் பிரிவில் தண்டனை. உங்கள் சந்தேகம் பின்னால் தவறென்று தெரிந்தாலும் நீங்கள் குற்றவாளி ஆவதில்லை.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்"

எடுத்துக்காட்டுக்கு ஒரு சூழலை வைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு மாணவி மதிய இடைவேளையில் டீச்சரிடம் வந்து, தன் வீட்டுக்கு வந்துபோகும் உறவினர் ஒருவர் செய்ததைச் சொல்லத் தொடங்குகிறாள். சொல்வதற்கு முன் ஒரு சத்தியம் கேட்கிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது.

இந்த இடத்தில்தான் நல்ல மனசுள்ள ஆசிரியர்கள் தடுமாறுகிறார்கள். சத்தியம் செய்து கொடுத்துவிட்டு அப்புறம் காவல் நிலையத்துக்குப் போனால், தன்னைத் தொட்டவருக்கு அடுத்தபடி தன்னை ஏமாற்றியவர் டீச்சர்தான் என்று அந்தப் பிள்ளை நினைக்கும். சத்தியம் செய்து கொடுத்து அதைக் காப்பாற்றினால் கொடுமை தொடரும். ஆகவே முதல் வாக்கியத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. "இதை நான் எனக்குள்ளயே வச்சுக்க முடியாதும்மா. உன்னைக் காப்பாத்துறவங்ககிட்டச் சொல்லியாகணும். ஆனா கிளாஸ்ல ஒரு பிள்ளைக்கும் தெரியாது. யாருகிட்டச் சொல்றேன்னு முதல்ல உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்." இவ்வளவு போதும். குழந்தைகள் இதைப் புரிந்துகொள்வார்கள். அவர்கள் பயப்படுவது போலீஸுக்கு மட்டுமில்லை. பக்கத்து பெஞ்சுக்கும் அடுத்த வீட்டுக்கும்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

பிறகு கேட்க வேண்டியதும் அதிகமில்லை. அவளாகச் சொல்லும் அளவுக்குக் கேட்டுக்கொண்டு நிறுத்திவிட வேண்டும். எத்தனை தடவை, எந்த இடத்தில், ஏன் கத்தவில்லை என்று குடைவது ஆசிரியரின் வேலை இல்லை, விசாரணை அதிகாரி கேட்பதற்கும் முறை இருக்கிறது. ஆசிரியர் செய்ய வேண்டியது, அவள் பயன்படுத்திய சொற்களை அப்படியே, அவள் பேச்சு வழக்கிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதிவைப்பது. அந்தத் தாளைப் பணியாளர் அறை மேசையில் போட்டுவிட்டுப் போகாமல் உறையிலிட்டு ஒட்டி, பூட்டி வைப்பது. அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" பெட்டி இருக்கிறது. அதில் விழும் சீட்டுக்கும் இதுவே பொருந்தும். பெட்டியைத் திறப்பவர் சீட்டை உரக்கப் படித்துவிட்டால் அந்தப் பெட்டியில் அதற்கப்புறம் ஒரு பிள்ளையும் எழுதிப் போடாது.

அடுத்தது தலைமை ஆசிரியரிடம் சொல்வது. சொல்லலாம், சொல்ல வேண்டியதும்தான். ஆனால் "ஹெச்.எம்.கிட்டச் சொல்லிட்டேன், என் வேலை முடிஞ்சது" என்று இருந்துவிட முடியாது. கடமை ஒவ்வொருவருக்கும் தனித்தனி. மேலே சொன்னது காவல் நிலையம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும், சேரவில்லையென்றால் தானே போவதும் அந்த டீச்சரின் பொறுப்பு. பள்ளிக்குள் ஒரு கமிட்டி போட்டு உண்மையா பொய்யா என்று முதலில் விசாரிப்போம், சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்போம் என்பது வேண்டவே வேண்டாம். அந்தக் கூட்டத்தில்தான் விஷயம் கசிகிறது, சாட்சியம் கெடுகிறது, குழந்தைக்கு மிரட்டல் போகிறது.

பெற்றோர் வேண்டாமென்றால்? "கல்யாணம் பண்ணிக்கொடுக்க வேண்டிய பிள்ளை சார், விட்டுருங்க" என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். அந்த அழுகை பொய்யில்லை, அவர் பயப்படுவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் தகவல் தருவதற்குப் பெற்றோரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. அதேசமயம் மருத்துவப் பரிசோதனைக்குச் சம்மதம் தேவை. புகார் கொடுத்துவிட்டதாலேயே குழந்தையை இழுத்துக்கொண்டுபோய்ப் பரிசோதிக்க முடியாது. இந்த வித்தியாசத்தை அந்த அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னால் பாதி பயம் குறையும்.

எங்கே போவது? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டிலும் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் உண்டு. பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் போகலாம். 1098 குழந்தைகள் உதவி எண்ணையும், பள்ளிக் கல்வித் துறையின் 14417ஐயும் அழைக்கலாம். ஆனால் போக்சோ சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது காவல்துறையைத்தான். ஆகவே எந்த எண்ணை அழைத்தாலும் தகவல் காவல் நிலையத்தில் பதிவானதா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது. தகவலுக்குப் பதிவு எண் கொடுத்து, எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி, தகவலைப் பெற்ற காவல் அலுவலர் தன் பெயர், பதவி, தொலைபேசி எண், தன் மேலதிகாரியின் விவரம் ஆகியவற்றைத் தகவல் கொடுத்தவரிடம் தர வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு செய்ய மறுக்கும் காவலருக்கும் அதே 21ஆம் பிரிவில் தண்டனை இருக்கிறது.

சொன்னபின் தகவல் எங்கெங்கே போகலாம்

காவல்துறை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை கூடவே இருந்து வழிகாட்ட ஒரு ஆதரவு நபரைக் குழு நியமிக்க வேண்டும். குழந்தை பற்றி அறிந்த எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பது அந்த ஆதரவு நபருக்கு விதிக்கப்பட்ட கடமை. என்ன நடக்கிறது என்பதைக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் அவ்வப்போது சொல்வதும் அவர் கடமை. குழுவின் முன் வரும் அறிக்கைகள் எல்லாமே ரகசியமானவை என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 99ஆம் பிரிவு சொல்கிறது. தேவைப்பட்டால் அவற்றின் சாரத்தை மட்டும் குழந்தைக்கோ பெற்றோருக்கோ இன்னொரு குழுவுக்கோ சொல்லலாம்.

ஆக, அலுவலகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை, அதை வேண்டுமென்றே கேட்கிறது. ஏன் கேட்கிறது என்பதற்கு லண்டனில் நடந்த ஒரு மரணத்தைச் சொல்ல வேண்டும். ஐவரி கோஸ்டிலிருந்து வந்த எட்டு வயதுச் சிறுமி விக்டோரியா கிளிம்பியே, தன்னை வளர்த்தவர்களின் சித்திரவதையால் 2000 பிப்ரவரியில் இறந்தாள். மருத்துவமனைக்கும், சமூகநலத் துறைக்கும், காவல்துறைக்கும் அவளைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. யாரும் அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. லார்ட் லேமிங் தலைமையிலான விசாரணை 2003இல் அறிக்கை தந்தது. அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 சந்தர்ப்பங்கள் தவறவிடப்பட்டதாக அது கண்டது. பிரிட்டனின் 2004ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் அதன் தொடர்ச்சிதான்.

நம் ஊரிலும் நிலைமை அப்படித்தான். பிள்ளை பத்து நாளாகப் பள்ளிக்கு வரவில்லை என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். உடம்பில் காயம் இருந்தது கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியும். வீட்டில் தினம் சண்டை என்பது அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். மூவரும் ஒரே தெருவில் நடந்து போகிறார்கள், மூன்று விஷயமும் சேர்வதில்லை. இவர்கள் மூவரும் தனித்தனியே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சொல்லலாம். அங்கே சேரட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் உண்டு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர்கள் அந்தக் குழந்தையின் பக்கத்து வீட்டுக்காரர்கள், சில நேரம் குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர்கள். பள்ளி இடைநிற்றல், குழந்தைத் திருமணத் தடுப்பு, இருட்டான சாலைக்கு விளக்கு என்று பொதுவாகப் பேசுவதற்கு அது சரியான இடம். ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பாலியல் வழக்கைப் பேசுவதற்கு அது இடமே இல்லை.

எவ்வளவு சொல்வது என்பதிலும் அளவு உண்டு. விசாரணை அதிகாரிக்கு எல்லாம் தெரிய வேண்டும். தலைமை ஆசிரியருக்குப் பாதுகாப்புக்குத் தேவையானது தெரிந்தால் போதும். கணக்கு வாத்தியாருக்கு "அந்தப் பிள்ளைக்கு இந்த மாதம் கொஞ்சம் விட்டுக் கொடுங்க, காரணம் கேக்காதீங்க" என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் வருகைப் பதிவேட்டில் விடுப்பு என்று போட்டால் போதும். வேறு பள்ளிக்கு மாறினால் மாற்றுச் சான்றிதழிலும் காரணம் எழுத வேண்டியதில்லை.

காவலர்கள் வருவதிலும் இதே அக்கறை வேண்டும். குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. ராஜபாளையத்தின் குறுகலான தெருக்களில் போலீஸ் ஜீப் ஒரு வாசலில் நின்றால் தெருவே திரண்டுவிடும். "அவள் விரும்பும் இடம்" என்ற சொற்றொடரைப் பெற்றோர் தெரிந்துவைத்துக்கொண்டு, பெரியம்மா வீடோ வேறு எதுவோ தங்களுக்குத் தோதான இடத்தைச் சொல்லலாம். நீதிமன்றத்தில் விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவரைக் குழந்தை நேருக்கு நேர் பார்க்காமல் சாட்சி சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரியில்

சிகிச்சைக்கு வந்த குழந்தையிடம் எஃப்.ஐ.ஆர். கொண்டு வா, மாஜிஸ்திரேட் கடிதம் கொண்டு வா என்று எந்த மருத்துவரும் கேட்கக் கூடாது. முதலில் சிகிச்சை. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுக்கும் இது பொருந்தும், சிகிச்சை இலவசம்.

மிகச் சிக்கலான நிலை வேறொன்று. 17 வயதுப் பெண், கூட வேலை பார்க்கும் அல்லது கூடப் படிக்கும் பையனைக் காதலித்துக் கர்ப்பமாகி, அம்மாவோடு மகப்பேறு மருத்துவரிடம் வருகிறாள். சட்டப்படி அவள் குழந்தை. மருத்துவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்வார் என்று தெரிந்தால் அந்த அம்மா மகளை மருத்துவரிடமே கூட்டிவர மாட்டார், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பார், இல்லையென்றால் முறையான தகுதி இல்லாத யாரிடமாவது போவார். அதில் போகும் உயிர் அந்தப் பெண்ணுடையது.

உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சை 2022 செப்டம்பர் 29 அன்று தந்த தீர்ப்பில் அவிழ்த்தது. மருத்துவர் தகவல் தரும் கடமை அப்படியே இருக்கும். ஆனால் அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்காக வரும் சிறுமியின் பெயரையும் அடையாள விவரங்களையும் அந்தத் தகவலில் மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை. 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், போக்சோ வழக்குகளைக் கண்காணித்த நீதிபதிகள் ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வும் பெயரை வற்புறுத்தக் கூடாது என்று மருத்துவர்களுக்கும் காவல்துறைக்கும் நினைவூட்டியது. உச்ச நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு மகப்பேறு மருத்துவர் அறையிலும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும் என்பது என் கருத்து. தகவல் தருவதும் ரகசியம் காப்பதும் ஒரே செயலாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பெயர் போடாவிட்டாலும் தெரிந்துவிடும்

போக்சோ 23ஆம் பிரிவு ஊடகங்களைக் கட்டுப்படுத்துகிறது. பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, அடையாளம் தெரியச் செய்யும் வேறு எதுவும் வெளிவரக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இன்னும் விரிவானது. செய்தித்தாள், காணொளி தாண்டி "வேறு தகவல்தொடர்பு வடிவங்கள்" என்றே சொல்கிறது. வாட்ஸ்அப்பும் அதில் வந்துவிடும். அதற்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ரூ. 2 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும்.

குரூப்பில் இப்படியொரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "ராஜபாளையம் அருகே கிராமத்தில் 13 வயது சிறுமி. எட்டாம் வகுப்பு படிக்கிறார். தாய் இறந்துவிட்டார். தந்தை மில் தொழிலாளி. சித்தப்பா கைது." இதில் பெயரே இல்லை. ஆனால் அந்தக் கிராமத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி இருக்கும், எட்டாம் வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் இருப்பார்கள், அதில் தாயில்லாத பெண் ஒருத்திதான் இருப்பாள். சித்தப்பா என்று உறவு முறையைப் போட்டதுமே மிச்சமும் முடிந்துவிடுகிறது. குற்றம் செய்தவன் பெயர் வெளியே வரட்டும் என்று நாம் கோபத்தோடு கேட்பது நியாயம்தான். ஆனால் அவன் வீட்டு ஆளாக இருக்கும்போது அவன் பெயரைப் போடுவது குழந்தையின் பெயரைப் போடுவதற்குச் சமம்.

2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: அடையாளம் என்பது பெயர் மட்டுமில்லை, தேடிக் கண்டுபிடிக்க உதவும் எல்லாமும்தான். பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் இந்தக் காப்பு தொடரும். குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரே சம்மதம் தந்தாலும் போதாது. குழந்தையின் நலனுக்குத் தேவை என்று கருதினால் சிறப்பு நீதிமன்றம் மட்டுமே அனுமதிக்க முடியும். நீதி கேட்டுப் போராடுகிறோம் என்று குழந்தையின் படத்தைப் பேனரில் அச்சடிப்பவர்களும், ஆறுதல் சொல்லப் போகும்போது கேமராவோடு போகும் தலைவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கசிவு அரசிடமிருந்தே நடந்ததும் உண்டு. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் காவல்துறை அதிகாரியின் பேட்டியிலும் அரசாணையிலும் வெளிவந்தது. அவருக்கு ரூ. 25 லட்சம் இழப்பீடு தரும்படி அரசுக்கு உத்தரவிட்டது, நம் மாவட்டத்துக்கும் உரிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்முறை வழக்கின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் வெளியானபோது சென்னை உயர் நீதிமன்றமும் இடைக்கால இழப்பீடாக அதே தொகையை வழங்கச் சொன்னது. இருவரும் குழந்தைகள் அல்ல, கல்லூரி மாணவிகள். வளர்ந்தவர்களுக்கே இவ்வளவு காப்பு என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும். போக்சோ வழக்கின் முதல் தகவல் அறிக்கையைப் பொதுவெளியில் வைக்கவே கூடாது. நகலைக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாம், நிருபருக்குப் படமெடுத்து அனுப்பக் கூடாது.

பாலியல் குற்றம் அல்லாதவை

அடி உதை, கொத்தடிமை, குழந்தைத் திருமணம், ஆதரவில்லாமல் திரிவது போன்றவற்றில் வழி சற்று மாறும். பெற்றோரைப் பிரிந்தோ ஆதரவின்றியோ நிற்கும் குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் 1098க்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, பாதுகாப்பு அலகுக்கோ சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவதற்குத் தண்டனை உண்டு. மற்ற கொடுமைகளிலும் செவிலியரோ, மருத்துவரோ, தொழிலாளர் ஆய்வாளரோ, பொதுமக்களில் அக்கறையுள்ள ஒருவரோ குழுவை அணுகலாம். குழந்தையே நேராகப் போகவும் உரிமை உண்டு. குழந்தைத் திருமணத்தை நிறுத்தும்படி யார் வேண்டுமானாலும் மாஜிஸ்திரேட்டிடம் புகார் தரலாம். மாவட்டச் சமூகநல அலுவலர்தான் அதற்கான தடுப்பு அலுவலர். புகார் தந்தவர் யார் என்பது அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று அழைக்கும்போதே கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடும் ஒரு பிள்ளையைப் பற்றி. அந்த எட்டாம் வகுப்புச் சிறுமி டீச்சரிடம் சொல்வதற்கு முன் தன் தோழியிடம் சொல்லியிருப்பாள். தோழி பல மாதம் அதைத் தனக்குள் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்திருப்பாள். விஷயம் வெளியே வந்ததும் "உனக்குத் தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று அவளைத்தான் எல்லோரும் திட்டுவார்கள், தன்னையும் போலீஸ் பிடிக்குமா என்று அவள் பயந்துகொண்டிருப்பாள். தகவல் சொல்லாததற்கான தண்டனை குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று போக்சோ 21ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நாளை அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் சாட்சி சொல்லப் போக நேர்ந்தால், சாட்சியான குழந்தையின் பெயரையும் பள்ளியையும் வெளியிடக் கூடாது என்ற இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின் காப்பு அவளுக்கும் உண்டு. இதை யாராவது அவளைத் தனியே அழைத்து, அவள் அம்மா அப்பாவையும் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டும்.